‘இல்லை’ என்று சொன்னால் என்ன பொருள்?



உள்ளது உள்ளதுதான், இல்லாதது இல்லைதான் என்று ஒருவர் நம் வாசலில் வந்து சொன்னால், “இதற்கு ஒரு ஞானி வேண்டுமா?” என்று கேட்போம். ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன், தென் இத்தாலியில் கிரேக்கர் குடியேறிய எலேயா என்னும் ஊரில் வாழ்ந்த பார்மெனிடீஸ், இந்தக் கருத்தின் மேல்தான் ஒரு செய்யுள் நூலையே எழுப்பினார்.

அவர் வாதம் இது. இல்லாததை நினைக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. ஒரு பொருள் புதிதாகத் தோன்றுவதானால் அது இல்லாமையிலிருந்து வரவேண்டும். இல்லாமைதான் கிடையாதே! ஆகவே எதுவும் தோன்றுவதில்லை, அழிவதில்லை, மாறுவதுமில்லை. மங்கில் வடிந்த பால், எடுக்காமல் விட்டால் கட்டியாவதைத் தினமும் பார்க்கும் நமக்குச் சிரிப்புத்தான் வரும்.

இப்படிப்பட்ட பேச்சுக்குப் பொருளே கிடையாது என்றவர்களும் உண்டு. 1930களின் தொடக்கத்தில் கார்னாப் என்ற அறிஞர், ‘ஒன்றுமில்லை’ என்பதை ஒரு பொருளின் பெயர்போல் ஆள்வது வெறும் சொற்குழப்பம் என்று காட்டினார். பானையில் ஒன்றுமில்லை என்றால், ‘ஒன்றுமில்லை’ என்ற ஏதோ ஒன்று பானைக்குள் கிடக்கிறது என்றா பொருள்? நியாயமான கேள்விதான். ஆனால் பார்மெனிடீஸை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

ஏனென்றால் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு கிரேக்க நாட்டில் சிலர், “இல்லாததைச் சொல்லவே முடியாது; ஆகவே பொய் சொல்லவும் ஒருவராலும் முடியாது” என்று வாதாடினார்கள். இப்போது சிரிப்பு வருகிறதா? பால் நிறுக்கும் இடத்தில் 12 கிலோவை 10 கிலோ என்று ஒரு கிராணி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பொய் என்று நாம் சொன்னால், “இல்லாததை எப்படியப்பா எழுத முடியும்?” என்று அவர் தப்பித்துக்கொள்ளலாம்!

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிளேட்டோ. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘சோபிஸ்ட்’ என்ற உரையாடல் நூலில், இல்லாதது என்றால் வெறுமை என்று கொள்ள வேண்டியதில்லை, ‘வேறானது’ என்றும் கொள்ளலாம் என்றார்.

தமிழ் படித்த நமக்கு இது எளிது. ‘பால் இல்லை’ என்பது வேறு, ‘இது பால் அன்று’ என்பது வேறு. முதலாவதில் மங்கு காலி. இரண்டாவதில் மங்கில் ஏதோ இருக்கிறது, மழைத்தண்ணீராக இருக்கலாம். (பேச்சில் நாம் இரண்டுக்கும் ‘இல்லே’ என்றே சொல்லிவிடுகிறோம், அது வேறு கதை.) கிரேக்கத்தில் இரண்டு வேலையையும் ஒரே வினைச்சொல் செய்தது. அதனால்தான் பிளேட்டோ அவ்வளவு பாடுபட்டுப் பிரித்துக் காட்டவேண்டியிருந்தது.

அந்தக் கிராணியின் கணக்குக்கு வருவோம். அவர் எழுதியது ஒன்றுமில்லாததைப் பற்றி அன்று. நம் வாளியிலிருந்த பாலைப் பற்றித்தான் எழுதினார். உள்ள எடைக்கு வேறான எடையை எழுதினார், அவ்வளவுதான்.