வேடம் எது, உடை எது?

என் தந்தையார் தையற்காரர். கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரின் கடைத்தெருவில், மளிகைக் கடைத் திண்ணை ஒன்றில் அவருடைய தையல் மிஷின் இருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் அருகில் அமர்ந்து காஜா எடுப்பேன், பொத்தான் தைப்பேன். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம். வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அணிந்த ஒருவர், தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டுத் திண்ணையோரம் வந்து நின்றார். இருபது வயதுக்குமேல் இராது.

"ஐயா, ஒரு ரவிக்கை தைக்கணும். தங்கச்சிக்கு" என்றார்.

தந்தையார் அளவு ரவிக்கை கேட்டார். அவரிடம் இல்லை. "தங்கச்சி என் உடம்புவாகுதான். என்னையே அளந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

தந்தையார் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு நாடாவை எடுத்து அளந்தார். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். வந்தவர் சென்றபின், "பேரைக்கூடக் கேட்கவில்லையே அப்பா?" என்றேன். "அளவு எடுக்கிறவனுக்கு அளவு போதும்" என்று சொல்லிவிட்டு அவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

அன்று அந்தத் திண்ணையில் கண்டதன் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே. திருநங்கையர், தாம் பெண்ணென்று உலகறிய வாழத் தொடங்குவதற்கு முன் எவ்வாறு உடுத்தினார்கள்? கேட்பதற்குச் சிறிய வினாவாகவே தோன்றும். வேடிக்கைக்காகக் கேட்பாரும் உண்டு. ஆனால் ஒருவர் தம் உடையை அணிவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, கேளாமல் அணிந்தால் என்ன நேர்ந்தது என்ற பெரிய வரலாறு அச்சிறு வினாவுக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் எளிய உண்மை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுள் பெரும்பாலோர் அந்த ஆண்டுகளில் உடுத்தியது ஆண்களின் உடையையே. சட்டை, கால்சட்டை, வேட்டி, சீருடை இவைதாம். ஜான் மாரிஸ் என்ற எழுத்தாளரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1926இல் பிறந்த அவர் பிரிட்டிஷ் குதிரைப்படைப் பிரிவு ஒன்றில் அதிகாரியாக இருந்தார். 1953இல் எவரெஸ்டு சிகரத்தை வென்ற குழுவோடு, இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் செய்தியாளராகச் சென்றார். எலிசபெத் அரசியின் முடிசூட்டு நாளன்று அவ்வெற்றிச் செய்தி இலண்டனில் வெளியாகும்படி அனுப்பியவர் அவரே. படைவீரரின் சீருடை, பனிமலை ஏறுவோரின் தடித்த அங்கி ஆகிய இரண்டையும்விட ஆண்மைக்கு அடையாளமான உடை வேறு உண்டா? ஆனால் மூன்று நான்கு வயதில், தாயார் பியானோ வாசிக்க அதனடியில் உட்கார்ந்திருந்த பொழுதே, தாம் பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டியவர் என உணர்ந்ததாக அவர் 1974இல் வெளியிட்ட தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவ்வாறாயின் அந்தச் சீருடையை என்னவென்று சொல்வது? பார்த்தவர்களுக்கு அது உடை. அணிந்தவருக்கோ அதுவே வேடம்.

அவர் 1972இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதற்கு முந்தைய சில ஆண்டுகள் இரண்டு வாழ்க்கையும் ஒருங்கே நடந்தன. இலண்டனில் ஒரு சங்கத்தில் அவர் ஆணாக அறியப்பட்டார். வேறொரு சங்கத்தில் பெண்ணாக. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில், வாடகைக் காரிலேயே ஒருவர் மற்றவராக மாறியதுண்டு. படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். ஒரே நாளில் இரு பிறவி எடுப்பவரின் களைப்பை எண்ணினால் அச்சிரிப்பு நின்றுவிடும்.

இனி, தமக்குரிய உடை அவர்கள் கைக்கு எவ்வழியாக வந்தது என்பதைப் பார்ப்போம். டென்மார்க்கில் 1882இல் பிறந்த லிலி எல்பே இயற்கைக் காட்சிகளைத் தீட்டிய ஓவியர். அவருடைய மனைவி கெர்டாவும் ஓவியரே. ஒருநாள் கெர்டாவின் ஓவியத்துக்கு மாதிரியாக அமர வேண்டிய நடிகை வரவில்லை. 'காலுறையும் குதிகாலணியும் அணிந்து நீங்களே சற்று உட்காருங்கள்' என்று கெர்டா வேண்டினார். லிலி தயங்கித் தயங்கி இணங்கினார். உடுத்திய பின்போ, அவ்வுடை தமக்கு அந்நியமாக இல்லை என்பதைக் கண்டார். பின்னர் இருவரும் பாரிசில் குடியேறினார்கள். அங்கே லிலி பெண்ணுடையில் வெளியே வருவார். கெர்டா அவரை உறவுக்காரப் பெண் என்று பிறருக்கு அறிமுகம் செய்வார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் திண்ணை நினைவுக்கு வந்தது. பாரிசில் 'உறவுக்காரப் பெண்', எங்கள் ஊரில் 'தங்கச்சி'. இல்லாத ஒருத்தியின் பெயரைச் சொல்லித்தான் இருக்கிற ஒருத்தி தன் உடையைப் பெற வேண்டியிருந்தது.

லிலிக்கு ஓவியக்கலை அனுமதி தந்தது. அன்பான துணையும் இருந்தது. அவை வாய்க்காதவர் தெருவில் இறங்கினால் என்ன ஆகும்? அக்காலத்து ஜெர்மனியில், ஆணென்று பதிவாகியிருந்தவர் பெண்ணுடை அணிவதைப் பெயர் சொல்லித் தடுத்த சட்டம் இல்லை. ஆயினும் பொது அமைதிக்குத் தொல்லை விளைத்ததாகக் கூறிக் காவலர் பிடித்துச் செல்வர். பெர்லினைச் சேர்ந்த மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் இதற்கு ஒரு வழி கண்டார். முதல் உலகப் போருக்கு முன்பே, மருத்துவரின் சான்றைக் காட்டினால் காவல்துறை ஒரு சீட்டு வழங்கும் முறை அங்கே உண்டாயிற்று. இச்சீட்டை உடையவர் இத்தகைய உடை அணிபவர் என்பது காவல்துறைக்குத் தெரிந்ததே என்பதுதான் அதன் சாரம். வெளியே புறப்படுகையில் கைப்பையில் குடையோடு அந்தச் சீட்டையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பாவாடைக்கு அரசாங்க முத்திரை!

ஹிர்ஷ்ஃபெல்ட் 1919இல் பெர்லினில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் டோரா ரிக்டர் என்ற திருநங்கை வீட்டுவேலை செய்துவந்தார். அங்கே வருமுன், கோடைக்காலங்களில் ஆணுடை அணிந்து ஓட்டல்களில் உணவு பரிமாறிப் பிழைத்தவர் அவர். மற்ற மாதங்களில் பெண்ணுடையில் வாழ்ந்தார். அதற்காகச் சிறையும் சென்றார். பிழைப்புக்கு ஓர் உடை, வாழ்வுக்கு ஓர் உடை என்று ஆண்டையே இரண்டாகப் பங்கிட்டிருந்த அவருக்கு, அந்நிலையத்தில்தான் ஆண்டு முழுவதும் ஒரே உடை கிட்டியது. 1933 மே மாதத்தில் நாஜிகள் அந்த நிலையத்தைச் சூறையாடினார்கள். நூல்களைத் தெருவில் குவித்து எரித்தார்கள். டோராவும் அப்போது மாண்டார் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அவர் தப்பிச் சென்று 1966 வரை வாழ்ந்தார் என்பது அண்மையில்தான் ஆவணங்களால் தெளிவாயிற்று.

அயல்நாட்டுக் கதைகள் போதும். நம் நாட்டில் எப்படி என்று நீங்கள் கேட்கலாம். பெர்லின் அனுமதிச் சீட்டு கொடுத்தது. இந்தியாவை ஆண்ட வெள்ளையரோ தண்டனை கொடுத்தார்கள். 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டத்தில் இரண்டாம் பகுதி ஒன்று இருந்தது. அதன்படி அலிகள் என்று பதிவேட்டில் எழுதப்பட்டவர்கள், பெண்போல உடுத்தியோ நகை பூண்டோ பொதுத்தெருவில் தோன்றினால், பிடியாணை இன்றியே கைது செய்யலாம். இரண்டாண்டு வரை சிறையில் வைக்கலாம். தெருவிலிருந்து கண்ணில் படவேண்டும் என்ற எண்ணத்தோடு வேறிடத்தில் நின்றாலும் அது குற்றமே. வடமேற்கு மாகாணங்களில் காவலர் அவர்களுடைய கூந்தலை வெட்டியதும் சேலையைக் களையச் செய்ததும் உண்டு. ஐதராபாத்தில் நிசாம் ஆட்சி 1919இல் இதேபோன்ற சட்டம் ஒன்றை இயற்றியது. அது செல்லாது எனத் தெலங்கானா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது எந்த ஆண்டில் தெரியுமா? 2023இல்!

சட்டம் ஒருபுறம் இருக்க, நம் ஊர்கள் தமக்கே உரிய முறையில் சில வாயில்களைத் திறந்து வைத்திருந்தன. திருவிழா அவற்றுள் ஒன்று. நாமக்கல் பகுதியில் பிறந்த எழுத்தாளர் ரேவதி, சிறு வயதில் அக்காளின் பாவாடையை எடுத்து உடுத்திப் பார்த்ததையும், மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேடம் போட்டதையும் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பையன் வேடம் கட்டியிருக்கிறான் என்று ஊர் மகிழ்ந்தது. அவர் மனமோ, இன்றுதான் நான் நானாக இருக்கிறேன் என்று மகிழ்ந்தது. கைதட்டியவர்களும் கைதட்டலைப் பெற்றவரும் வெவ்வேறு காட்சியைக் கண்டார்கள். விழா முடிந்ததும் பாவாடை பெட்டிக்குள் போய்விடும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கால்சட்டை. விழா நாளில் பாராட்டிய அதே உடைக்கு, பிற நாளில் வீட்டிலேயே அடி விழும். பின்னாளில் கூவாகத்துக்குச் செல்லும் திருநங்கையர் பலருக்கும் இந்த இளமை நினைவு பொதுவானது.

இங்கே இரு தவறான எண்ணங்களை நீக்கிக்கொள்வது நலம். பெண்ணுடை அணிந்த ஆண் எல்லாம் திருநங்கை என்று நினைப்பது முதலாவது தவறு. பழைய நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்ட ஆண்கள் பலர், ஒப்பனை கலைந்ததும் வீட்டுக்குப் போய்க் குடும்பத் தலைவராக வாழ்ந்தார்கள். அவர்களுக்குச் சேலை வேடந்தான். இரண்டாவது தவறு, பெண்ணுடை அணியாதிருந்த காலத்தில் திருநங்கை பெண்ணாக இல்லை என்று நினைப்பது. அச்சத்தால் மீசை வளர்த்தவர்கள் உண்டு. பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. ஒருநாளும் ஒரு பாவாடையைத் தொடாதவர்களும் உண்டு. உடை உள்ளத்தைக் காட்டலாம், மறைக்கவும் செய்யலாம். ஹிர்ஷ்ஃபெல்ட் 1910இல் எழுதிய நூலில் இவர்களுக்கு ஒரு பெயர் சூட்டினார். மாற்றுடை அணிவோர் என்பது அதன் பொருள். நல்லெண்ணத்தோடு இட்ட பெயரே. ஆனால் எது மாற்றுடை? ஜான் மாரிசுக்குச் சீருடை மாற்றுடையா, பின்னாளில் அணிந்த பாவாடை மாற்றுடையா? வெளியே நிற்பவர் ஒருவிதமாகச் சொல்வார். உடுத்தியவர் வேறுவிதமாகச் சொல்வார். உடுத்தியவரைக் கேட்பதே முறை.

அப்படிக் கேட்ட நாளும் வந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று நம் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஒருவர் தாம் உணரும் பாலினத்தை உடையாலும் சொல்லாலும் செயலாலும் வெளிப்படுத்துவது, அரசியல் சட்டத்தின் பத்தொன்பதாம் விதி தரும் பேச்சுரிமையிலும் கருத்துரிமையிலும் அடங்கும் என்று கூறிற்று. 1871இல் குற்றமாக இருந்த சேலை, 2014இல் உரிமையாயிற்று. இடையே 143 ஆண்டுகள்! சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது. வீட்டு வாசற்படிகள் எல்லாம் அவ்வளவு தூரம் வந்துவிட்டன என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அக்காளின் பாவாடைக்காக இன்னும் எங்கோ ஒரு பிள்ளை அடி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் திண்ணைக்குத் திரும்புகிறேன். அந்த ரவிக்கையைத் தைக்கும்போது, தந்தையார் பக்கத் தையலில் வழக்கத்துக்கு மேலாக இரண்டு விரற்கடைத் துணியை உள்ளே மடித்து விட்டார். வீணாகிறதே என்று நான் சொன்னேன். "இருக்கட்டும், பின்னால் வேண்டியிருக்கும்" என்றார். அது எட்டணாத் துணியின் கணக்கு என்று அன்று எண்ணினேன்.

ஆறேழு ஆண்டுகள் கழிந்தன. ஒரு பகல் வேளையில், வெயில் நன்றாக அடிக்கும்போது, சேலை கட்டி முடி வளர்த்து, நெற்றியில் பொட்டோடு ஒருவர் கடைத்தெரு வழியே நேராக நடந்து வந்தார். இந்தத் தடவை தெருவின் இரு பக்கமும் பார்க்கவில்லை. பைக்குள்ளிருந்து அந்தப் பழைய ரவிக்கையை எடுத்து நீட்டினார். "ஐயா, பிடிக்கிறது. பிரித்து விட முடியுமா?" என்றார்.

தந்தையார் ரவிக்கையைப் புரட்டிப் பார்த்தார். "துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன். உட்காரும்மா" என்றார்.

அவர் உட்கார்ந்தார். நான் நோட்டை எடுத்துப் பழைய அளவைத் தேடினேன். பெயர் எழுத வேண்டிய இடம் அன்றுபோலவே வெறுமையாக இருந்தது. இம்முறை தந்தையார் பெயரைக் கேட்டார். அவர் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.