ஒரு நகரின் நாடித்துடிப்பு

போர்க்காலத்தில் மாநகர மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று எண்ணும்போதெல்லாம் என் நினைவில் நிற்பது லெனின்கிராடு, இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை அந்நகர் முற்றுகையில் தவித்தது. 1941 நவம்பர் 20 முதல் ஐந்து வாரங்கள் சிறுவருக்கும் முதியோருக்கும் நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி. ஆலைத் தொழிலாளருக்கு 250 கிராம்.

வானொலியில் பேசும் எனக்கு அவ்வரலாற்றில் பெரிதாகத் தோன்றுவது ஓர் ஓசை. வீடுகளில் கம்பிவழி ஒலிபெருக்கிகள் இருந்தன. நிகழ்ச்சியில்லாத வேளையில், இசை பயில்வோரின் தாளமானி அவற்றில் ஒலிக்கும். மெல்ல ஒலித்தால் அபாயமில்லை. விரைந்து ஒலித்தால் குண்டுவீச்சு. பசியால் எழ இயலாது கிடந்தோர்க்கு, நகரம் இன்னும் வீழவில்லை என்று அவ்வோசையே உணர்த்திற்று. ஒலிபரப்பியோரும் அதே பசியில் வாடியவர்களே. வானொலியின் கடமை யாதென வினவுவோர்க்கு நான் கூறும் விடை, அந்தத் தாள ஒலிதான்.