நுண்கலை மாணவரும் ஆய்வுக் கட்டுரையும்

பாடுவோர் பாடுக, ஆடுவோர் ஆடுக, அவர்க்குக் கட்டுரை எழுதுங் கடன் எற்றுக்கு? நுண்கலைப் பட்டத்தை நாடிப் பல்கலைக்கழகம் புகும் மாணவர் பலர்தம் உள்ளத்தே எழும் வினா இது. மேடையிலே அஞ்சாது நின்றாடும் மாணவன் வெண்டாளின் முன்னே தளர்வதையும், குரல்வளம் மிக்க மாணவி இறுதியாண்டின் ஆய்வுக் கட்டுரையைப் பெருஞ்சுமையென எண்ணுவதையும் ஆசிரியர் நன்கறிவர். ஆதலின், இவ்வினாவிற்கு விடை காண்பதும், அக்கட்டுரை எழுதும் நெறியினைச் சிறிது விளக்குவதும் பயனுடையனவாம்.

எழுத்தின் இன்றியமையாமை

நம் கலைகள் நெடுங்காலம் ஆசிரியர் வாயினின்றும் மாணவர் செவிக்குச் சென்று வாழ்ந்தவை. அம்முறை சிறந்ததே, ஆயினும் தொடர்பு ஒருமுறை அறுமாயின் மீட்டற்கரியது. யாழ் இதற்குத் தக்க சான்றாகும். அக்கருவி வழக்கொழிந்தது, அதனைப் பற்றிய எழுத்து எஞ்சியது. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் நின்றமையாலன்றோ, விஞ்ஞானமுங் கணிதமும் பயின்ற விபுலாநந்த அடிகள் அவற்றைத் துருவி ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட முடிந்தது? எழுதுவார் இலராயின் ஆராய்வார்க்குப் பொருளும் இல்லை.

மற்றுமொரு காரணமும் உண்டு. ஒரு கலையைச் செய்வோர் எழுதாவிடின், அதனைப் புறத்தே நின்று பார்த்தோர் மட்டுமே எழுதுவர். அன்னோர் எழுத்து இழிந்ததன்று. ஆயினும் காலும் கையும் அறிந்த சில செய்திகள் கண்ணுக்குப் புலனாவதில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே மாணவரைக் கொண்டு கூத்துக்களைப் புதுக்கி மேடையேற்றியபோது, ‘இராவணேசன்’ நாடகத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. அவரே பின்னர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆட்டமும் ஆய்வும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இஃதொன்றே சாலும்.

வினாவே வித்து

படைப்பாளன் குறிப்பாற் பொருளுணர்த்துவான். சொல்லாது விடுவதும் அவனுக்கு ஓர் அழகு. கட்டுரையாளனோ தன் முடிபினையும், அம்முடிபிற்குச் சென்ற வழியினையும் வெளிப்படக் கூறுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராத மாணவர், “இக்கலை தெய்விகமானது, காண்போர் உள்ளத்தை உருக்குவது” என்று புகழ்ந்து அமைவர். புகழ்ச்சி சான்றாகாது. உருக்கியது எது, எவ்வாறு உருக்கியது என்று வினவும்போதே ஆய்வு தொடங்குகின்றது.

அவ்வினாவும் குறுகியதாதல் வேண்டும். ‘ஈழத்து நாட்டுக்கூத்து’ என்பது தலைப்பாகலாம், வினாவாகாது. வட்டக்களரியிலே சுற்றிலும் இருந்தோர்க்காக ஆடப்பட்ட கூத்து, ஒரு பக்கத்தே மட்டும் பார்வையாளர் இருக்கும் படச்சட்ட மேடைக்கு வந்தபோது, ஆட்டக் கோலங்களில் நேர்ந்த மாற்றம் யாது? இதுவே வினா. இதற்கு விடை தேட இயலும். வந்த விடையைப் பிறர் சோதிக்கவும் இயலும்.

சான்றுகள் மூன்று

நுண்கலை மாணவர்க்கு மூவகைச் சான்றுகள் உள: தாம் செய்தறிந்தவை, பிறர் சொல்லக் கேட்டவை, நூல்களிற் கற்றவை. முதலாவது அவர்க்கே உரிய பெருஞ்செல்வம். ஆயின், “நான் ஆடியபோது இவ்வாறு உணர்ந்தேன்” என்பதனோடு நில்லாது, எந்தத் தாளக்கட்டில், எத்திசை நோக்கி, எத்தனை அடி வைத்து ஆடியபோது அவ்வுணர்வு உண்டாயிற்று எனக் குறித்தல் வேண்டும். அன்றே குறித்த குறிப்பேடு, ஆண்டிறுதியில் நினைந்தெழுதும் பக்கங்களினும் நம்பத்தக்கது.

இரண்டாவதிற் கவனம் மிக வேண்டும். அண்ணாவியார் ஒருவர் மத்தளத்தின் அருகிருந்து உரைத்த செய்தியை, உரியவரைச் சுட்டாது தம் கருத்துப்போல எழுதிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. நூலாசிரியனுக்கு அடிக்குறிப்பில் அளிக்கும் மதிப்பு, நாவால் உரைத்தவர்க்கும் உரியதே. அவர் இசைவைப் பெற்று, பெயரும் இடமும் நாளுங் குறித்தல் ஆய்வாளன் கடன்.

நூற்சான்றினை ஆளும் முறையினை நம் முன்னோரே வகுத்துள்ளனர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் எழுவகை மதங்களைக் கூறுவர். பிறர் கருத்திற்கு உடன்படுதல், அதனை மறுத்தல், ஏற்பதுபோற் கொண்டு பின் களைதல், இருவர் மாறுபட்ட இடத்து ஒன்றனைத் துணிதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல் முதலாயின அவை. நம் மாணவர் கட்டுரைகளிற் பல முதலாவதோடு நின்றுவிடுகின்றன. அறிஞர் நால்வர் கூற்றை அடுக்கிவைத்தல் தொகுப்பேயன்றி ஆய்வன்று. அந்நால்வருள் யாவர் கூற்று தாம் கண்ட ஆட்டத்தோடு பொருந்துகின்றது, யாவர் கூற்றுப் பொருந்தவில்லை என உரைப்பதே மாணவர் பணி.

களையத் தக்கன

அப்பாயிரமே நூற்குற்றங்கள் பத்தினையுங் கூறும். அவற்றுள் மூன்று நுண்கலை மாணவர்க்குச் சிறப்பாகப் பொருந்துவன. கூத்தை ஆராயப் புகுந்து, உலக நாடகத்தின் தோற்றத்திற்குப் பத்துப் பக்கம் ஒதுக்குதல் ‘மற்றொன்று விரித்தல்’. கதைச் சுருக்கத்தை நீள எழுதிவிட்டு, ஆட்டமுறையைச் சில வரிகளில் முடித்தல் ‘குன்றக் கூறல்’. ஊக்கத்தோடு தொடங்கி, இறுதி இயலை ஓரிரவில் எழுதி முடித்தல் ‘சென்று தேய்ந்திறுதல்’. மூன்றாவதற்கு மருந்து எளிது: முன்னுரையை இறுதியில் எழுதுக, சான்று நிறைந்த நடுவியலை முதலில் எழுதுக. கண்ட முடிபு இன்னதென அறிந்த பின்னரே, வாசகனை அதனிடத்து அழைத்துச் செல்லும் வாயிலை அமைத்தல் இயலும்.

கலைஞன் மேடையை விட்டிறங்கியதும் அவன் ஆட்டம் மறைகின்றது. கண்டோர் நினைவிலே சிலகாலம் வாழ்ந்து, அவரோடு அதுவும் மறைகின்றது. அவன் தன் கலையைப் பற்றித் தெளிவுற எழுதிய நாற்பது பக்கங்கள், அவனைக் காணாத தலைமுறைக்கும் வழிகாட்டும். நம் ஊர்களில் மத்தளமும் சதங்கையும் அறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்பாற் சென்று கேட்டும், உடன் ஆடியும், கண்டதைக் கண்டவாறு எழுதியும் வைப்பது இன்றைய மாணவர் கையில் உள்ளது.