மலையேறிய கோச்சிகள்

டயகமவுக்கு இரயில் பாதை இல்லை. தலவாக்கலை நிலையமே நமது வாயில். ஆயினும் மலை இரயில்களை ஒப்புநோக்குதல் நமக்குரிய பணியேயாம்.

1881இல் டார்ஜிலிங்கை அடைந்த பாதையின் அகலம் 2 அடியே. வளைந்தும் பின்வாங்கியும் அது மலையேறுகிறது. 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய நீலகிரி இரயில், செங்குத்தான இடங்களில் பற்சட்டத்தைப் பற்றி ஏறுகிறது. 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்த நமது பாதையோ, சமவெளிக்குரிய 5½ அடி அகலத்துடன், பற்சட்டமின்றியே, பட்டிப்பொளையில் 6,226 அடி உயரத்தை எட்டியது. பெருமைக்குரிய செய்தியன்றோ!

ஆனால், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின், உறவைப் பிரிந்து தலைமன்னார் வழியே இந்தியா சென்றோரை ஏற்றிய வண்டியை நம் மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். இரயில்களை ஒப்பிடுவோர் உயரத்தையும் வேகத்தையும் மட்டும் கணக்கிடுதல் போதாது. ஏறியவர் எதற்காக ஏறினர் என்பதையும் கேட்டல் வேண்டும்.