வார இறுதி மலைகள் – 6: காவிரி வரும் வழியே மடிக்கேரிக்கு

பெங்களூரிலிருந்து மடிக்கேரி சுமார் 260 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்பார்கள். போகலாம்தான். ஆனால் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. இந்த வழியில் மட்டும் அவசரமே வேண்டாம். நம் வீட்டுக் குழாயில் வரும் காவிரி இறங்கி வருகிற மலைக்குத்தான் ஏறப்போகிறோம். வழியில் ஆறு அங்கங்கே எதிர்ப்படும்.

2023 மார்ச்சில் திறந்த மைசூர் விரைவுச்சாலை 119 கிலோமீட்டர். ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா என ஊர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஓடுகிறது. வேக வரம்பு நூறு, கேமரா வைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் மட்டுமாவது பழைய சாலைக்கு இறங்குங்கள்: மத்தூர். ரவை, மைதா, அரிசி மாவு மூன்றையும் வெங்காயம், கறிவேப்பிலையோடு பிசைந்து, உள்ளங்கையில் தட்டையாகத் தட்டிப் போடுகிற வடை. ஓரம் மொறுமொறுவென்றும், நடுவில் வெங்காயத்தின் இனிப்போடும் இருக்கும். காலை எட்டு மணிக்குச் சூடாக ஒரு வடையும் காபியும் போதும், வண்டிக்குள் பிள்ளைகளின் சண்டை அடங்கிவிடும்.

ஆறு முதலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தென்படும். இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றி ஓடுகிறது. இங்கே ஆதிரங்கம், சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கம், நம் ஸ்ரீரங்கத்தில் அந்தியரங்கம். மூன்று தீவிலும் ரங்கநாதர் படுத்திருக்கிறார். அங்கிருந்து மைசூர் நகருக்குள் போகாமல் கிருஷ்ணராஜ சாகர் பக்கமாகத் திரும்பி, ஹுன்சூர் சாலையைப் பிடித்துவிடலாம். 1911-ல் தொடங்கிய அணை அது, முழு மட்டம் 124.80 அடி. மேட்டூர் மட்டத்தைப் பேப்பரில் பார்க்கிற தமிழர்கள் இதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காவிரி என்றால் பெரும்பாலும் இரண்டே சங்கதிதான். ஒன்று, குழாய்த் தண்ணீர். மற்றது, பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும் 1991 டிசம்பர், 2016 செப்டம்பர் காவிரிக் கலவரங்கள். அணையிலிருந்து இறங்கும் தண்ணீரைச் சிவனசமுத்திரத்துக்கு அருகே எடுத்து, தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, சுமார் நூறு கிலோமீட்டர் தூரம், ஐந்நூறு மீட்டர் உயரம் பம்பு வைத்து ஏற்றித்தான் நமக்குக் கொடுக்கிறார்கள். 1974-ல் முதல் கட்டம். ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் வந்தது. பக்கெட் நிரம்பி வழிய விட்டுவிட்டுப் போனில் மூழ்குகிற பிள்ளையிடம் இதை வீட்டில் சொன்னால் ஏறாது. அணைப் பக்கம் போகையில் சொன்னால் கேட்டுக்கொள்கிறது.

ஹுன்சூர், பெரியபட்டணம் தாண்டி, 1960-களின் தொடக்கத்திலிருந்து திபெத்தியர்கள் வாழும் பைலகுப்பே. நம்ட்ரோலிங் மடத்தின் பொற்கோயிலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. அதையடுத்துக் கொப்பா பாலம். இந்தப் பக்கம் மைசூர் மாவட்டம், அந்தப் பக்கம் குடகின் குஷால்நகர், நடுவில் காவிரி. நாங்கள் வண்டியை ஊருக்குள் நிறுத்திவிட்டு நடந்து வந்து பார்த்தோம். மூங்கில் சாய்ந்த கரை, பாறைக்குப் பாறை தாவிப் போகும் பழுப்புத் தண்ணீர். என் மாமியார் மாயவரத்துக்காரர். சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், பேரனைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "எங்க ஊர் லாகடத்துப் படித்துறையில நான் குளிச்சது இந்தத் தண்ணிலதான்டா" என்றார். "இங்கேர்ந்தா பாட்டி அவ்வளவு தூரம் வருது?" என்று அவன் கேட்டான். வரைபடத்தில் நான் பலமுறை காட்டியும் அவனுக்குப் பிடிபடாத விஷயம் அது.

குஷால்நகரிலிருந்து சுண்டிகொப்பா வழியாக மடிக்கேரிக்கு ஏற்றம். இரு புறமும் காபித் தோட்டம், நிழல் மரங்களில் மிளகுக் கொடி. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து சில நாளில் காபி பூக்கும்போது போனால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மல்லிகை மாதிரி மணக்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச் சாலையின் பாலபாடம். வெறும் பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது. சாப்பாட்டுக்குக் கடம்புட்டு, நூல்புட்டு, அக்கி ரொட்டி. அசைவர்களுக்குப் பன்றிக்கறியும் உண்டு. ராஜா சீட்டில் அந்தி நேரம் உட்காருங்கள். மற்ற 'பாயின்ட்'களை விட்டுவிட்டாலும் ஒன்றும் குறையாது.

மறுநாளைத் தலைக்காவிரிக்கு வையுங்கள். மடிக்கேரியிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் பாகமண்டலா, கன்னிகையும் காவிரியும் கூடுமிடம். அங்கிருந்து இன்னும் எட்டு கிலோமீட்டர். ஆறு பெருகி விழும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒரு சிறு குண்டிகை, அதன் முன் ஒரு குளம், அவ்வளவே. துலா சங்கிரமணத்தன்று, அக்டோபர் 17 வாக்கில், குண்டிகையில் தீர்த்தம் பொங்கும் வேளைக்காகக் குடகே அங்கே திரளும். அதே துலா மாதம், நம் ஐப்பசி, மாயவரத்தில் துலா ஸ்நானம் தொடங்கி, மாதக் கடைசி நாளான கடைமுகம் வரை நடக்கும். சுமார் எண்ணூறு கிலோமீட்டர் ஆற்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரே மாதத்தில் முழுக்கு. மனிதர்கள் கோடு கிழிப்பதற்கு முன்பே இந்த ஆறு நம்மைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போக வேண்டாம். 2018 ஆகஸ்டில் குடகு மலைகள் சரிந்தன. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரியின் பிரம்மகிரியே சரிந்து, கோயில் அர்ச்சகர் வீட்டையே கொண்டுபோனது. மற்ற மாதங்களில் போகும்போது வண்டியில் ஒரு பெரிய பை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர், காகிதத் தட்டு எதையும் மலையில் விடாதீர்கள். எல்லாவற்றையும் கட்டிப் பெங்களூருக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: சேலம் வழியே ஏற்காடு.

(தொடரும்)