ஒற்றைச் சொல்லில் ஒப்புதல்: குறுஞ்செய்திப் பதிவு எப்படி நடக்கிறது?

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. அங்கு ஏலக்காய் விலை ஏலத்துக்கு ஏலம் மாறும். விலையைக் குறுஞ்செய்தியில் தெரிவிக்க விரும்பும் வணிகர் ‘ஏலம்’ போன்ற பதிவுச் சொல்லை அறிவிக்கலாம். வாடிக்கையாளர் அதை அனுப்பியதும், கணினி அதைப் பதிவுச் சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் அவர் எண்ணைச் சேர்த்துக்கொள்ளும்.

சொல் ஏன் சிறியதாக இருக்க வேண்டும்? ஓர் எழுத்து பிசகினாலும் பொருத்தம் தவறிவிடும். ‘ஏலக்காய்’ கண்ணுக்கு 5 எழுத்து. புள்ளியும் துணைக்காலும் தனியே எண்ணப்படுவதால் யூனிகோடில் 8 குறியீடு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு 70 குறியீடுதான். சிறிய சொல்லிலும் பிழை நேரலாம் என்பதால், வழக்கமான பிழை வடிவங்களையும் பட்டியலில் சேர்ப்பது நல்லது.

பதிவிலிருந்து விலகுவதற்கான சொல்லும் கட்டாயம் வேண்டும். அதை மறைப்பது நம்பிக்கையைக் கெடுக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு விதிகள் ஒப்புதலைத் திரும்பப் பெற வழிசெய்கின்றன. வேண்டாத விளம்பரங்கள் குறித்து 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.