கை கூடிடும், வேலை கூடுமா? காயமும் வேலை இழப்பும் பற்றிச் சில குறிப்புகள்

ஒருத்தருக்கு அடிபட்டால் முதல் வாரம் எல்லாரும் கேட்பது "எப்படிப்பா ஆச்சு, எத்தனை தையல்?" என்றுதான். மூன்றாவது வாரம் கேள்வி மாறிவிடும். "கம்பெனியில என்ன சொல்றாங்க?" மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருப்பவருக்கு வலியைவிட இந்தக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுக்கும். "உங்க இடத்துல வேற ஆளைப் போட்டாச்சு" என்று ஒரு போன் வந்தால் என்ன செய்வது? அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா?

இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறித்து வைத்ததை இங்கே கோர்த்து எழுதுகிறேன். ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1923, 1947, 1948 ஆண்டுகளின் பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. ஆனால் இதுவரை வந்த தீர்ப்புகள் எல்லாம் பழைய சட்டங்களின் பெயரில்தான் இருக்கின்றன. பிரச்சினையின் எலும்புக்கூடும் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. அதனால் பழைய பெயர்களிலேயே சொல்லிப் போகிறேன். நிஜமாகவே ஒரு வழக்கோடு போகிறவர்கள், இன்றைய தொகுப்பில் அதற்கு இணையான பிரிவு எது என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு கேள்வி இல்லை, இரண்டு

அடிபட்ட தொழிலாளிக்கு இரண்டு கேள்விகள் உண்டு. வேலைக்குப் போகாத நாட்களுக்குக் காசு யார் தருவார்கள் என்பது ஒன்று. குணமாகிப் போனால் வேலை இருக்குமா என்பது இன்னொன்று. நாம் இரண்டையும் சேர்த்தே யோசிக்கிறோம். சட்டம் அப்படி யோசிக்கவில்லை. காசுக்கு ஒரு ஏற்பாடு, வேலைக்கு வேறு ஏற்பாடு. இரண்டும் ஒரே வலிமையில் இல்லை என்பதுதான் சிக்கலே.

காசுக்கான ஏற்பாடுதான் முதலில் வந்தது. 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றது. 1944இல் பேராசிரியர் அதர்க்கர் தொழிலாளர் காப்பீடு பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. 1923 சட்டத்தில் காசுக்கு முதலாளியின் கையைப் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் காப்பீட்டு நிதியிலிருந்து வரும். இ.எஸ்.ஐ. இருக்கிறவர் 1923 சட்டப்படித் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. ரெண்டில் ஒன்றுதான்.

எங்கே அடிபட்டது?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப். மாதம் ரூ.15,000 சம்பளம். மணிக்கட்டு உடைந்துவிட்டது. எலும்பு ஒன்றுதான், ஆனால் எங்கே உடைந்தது என்பதைப் பொறுத்து மூன்று கதை உண்டு.

இ.எஸ்.ஐ. இருந்து மெஷினில் அடிபட்டிருந்தால் அது "வேலைக் காயம்". தற்காலிக ஊனப் பலன் என்ற பெயரில் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். மாதம் தோராயமாக ரூ.13,500. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் செல்லும். குணமாகாத வரைக்கும் வரும்.

இ.எஸ்.ஐ. இருந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டு மொட்டைமாடியில் வழுக்கி விழுந்திருந்தால் அது "நோய்" கணக்கில் போகும். 70 சதவீதம், அதாவது சுமார் ரூ.10,500. வருஷத்துக்கு 91 நாள்தான். அதற்கும் முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். மணிக்கட்டு என்றால் 91 நாளுக்குள் அனேகமாகக் கூடிவிடும். தொடை எலும்பு என்றால் கூடி, நடந்து, வேலை பார்க்க நாலைந்து மாதம்கூட ஆகும். 34 நோய்களுக்கு மட்டும் நீட்டிக்கப்பட்ட பலன் உண்டு. எலும்பு கூடாமலோ தாமதமாகவோ கூடுவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒழுங்காகக் கூடிவரும் முறிவு இல்லை. அதற்கு 91 நாளோடு முடிந்தது.

இ.எஸ்.ஐ.யே இல்லாமல் மெஷினில் அடிபட்டிருந்தால் 1923 சட்டம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம். நம் ஆளுக்கு மாதம் ரூ.7,500 ஆகிறது. அதிகபட்சம் ஐந்து வருஷம். இ.எஸ்.ஐ.யும் இல்லை, அடிபட்டதும் வீட்டில் என்றால் இந்த இரண்டு சட்டத்திலும் எதுவும் கிடையாது.

வேலைக்குப் போகும் வழியில் பைக்கில் விழுந்தால்? 2010இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் நடக்கும் விபத்தையும் இ.எஸ்.ஐ. வேலைக் காயமாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்தி வர வேண்டும். இதனால்தான் ஆஸ்பத்திரிச் சீட்டில் முதல் நாள் எழுதும் ஒரு வரி இவ்வளவு முக்கியம். "வழுக்கி விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தால் பிறகு 70ஐ 90 ஆக்குவது பெரிய பாடு. சூப்பர்வைசர் கூடவே வந்து "வீட்ல விழுந்ததா சொல்லிடு, செலவை நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்வதற்கும் காரணம் இதுதான். வேலைக் காயம் என்றால் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், பதிவேட்டில் ஏற வேண்டும், இன்ஸ்பெக்டர் வருவார்.

வேலைக்குப் பாதுகாப்பு எவ்வளவு?

இப்போது இரண்டாவது கேள்வி. 1948 சட்டத்தின் 73ஆம் பிரிவு நேராகவே பேசியது. ஒருவர் இ.எஸ்.ஐ.யில் நோய்ப் பலனோ தற்காலிக ஊனப் பலனோ வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் முதலாளி அவரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, வேறு விதமாகத் தண்டிக்கவும் கூடாது. அந்தக் காலத்தில் நோட்டீஸ் கொடுத்தாலும் செல்லாது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் மூன்று ஓட்டைகள்.

முதல் ஓட்டை, காலம். பணி நிபந்தனைகள் இடம் கொடுத்தால், தொடர்ந்து ஆறு மாதம் தற்காலிக ஊனப் பலன் வாங்கியவரை முறையான நோட்டீஸ் கொடுத்து அனுப்பலாம் என்று இ.எஸ்.ஐ. விதிமுறையே சொன்னது. பலமாக அடிபட்டவருக்குத்தான் ஆறு மாதம் தாண்டும். அதாவது, காயம் பெரிதாகப் பெரிதாகப் பாதுகாப்பு மெலிகிறது.

இரண்டாவது, யாருக்கு என்பது. 2017 ஜனவரியில் இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பை ரூ.21,000 ஆக உயர்த்தினார்கள். அதற்கு ஒரு ரூபாய் கூட வாங்கும்போது சேருகிறவர் இந்தக் கூரைக்கு வெளியேதான் நிற்கிறார். 1947 தொழில் தகராறு சட்டமும் கைகொடுக்கவில்லை. ஆட்குறைப்பு செய்தால் நோட்டீஸும் இழப்பீடும் தர வேண்டும் என்று சொன்ன அதே சட்டம், "தொடர்ந்த உடல்நலக் குறைவு" காரணமாக நீக்கினால் அது ஆட்குறைப்பே ஆகாது என்று விலக்கி வைத்தது.

மூன்றாவது ஓட்டைதான் ஆபத்தானது. நீக்குவதற்குத்தானே தடை? "நாங்க நீக்கவே இல்லை, அவராத்தான் வரலை" என்று சொல்லிவிட்டால்?

எட்டு நாள்

பல தொழிற்சாலைகளின் நிலையாணைகளில் ஒரு வரி இருக்கும். லீவ் முடிந்தும், அல்லது லீவே சொல்லாமலும், தொடர்ந்து எட்டு வேலை நாள் வராமல் இருந்தால் அவர் தானாகவே வேலையை விட்டுப் போனதாகக் கருதப்படும். முதலாளி நீக்குவதில்லை, தொழிலாளி "போய்விடுகிறார்".

இதைச் சோதித்த முக்கியமான வழக்கு நம்ம சென்னையிலிருந்துதான் போனது. பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்னாடிக் மில், அதாவது பின்னி மில். ஒரு தொழிலாளி 1957 ஜனவரியில் லீவில் போனார், உடம்பு சரியில்லாமல் திரும்ப வரத் தாமதமானது. டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்தார். இ.எஸ்.ஐ. அதை ஏற்று அந்தக் காலத்துக்கு நோய்ப் பலனும் கொடுத்தது. மில் நிர்வாகமோ எட்டு நாள் விதிப்படி அவர் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963இல் தீர்ப்பு மில்லுக்குச் சாதகமாக வந்தது. 73ஆம் பிரிவு முதலாளி எடுக்கும் தண்டனை நடவடிக்கையைத்தான் தடுக்கிறது, நிலையாணைப்படி தானாக முடிந்துபோகும் வேலையை அது காப்பாற்றாது என்றது நீதிமன்றம்.

யோசித்துப் பாருங்க. ஒரு அரசு நிறுவனம் "இவர் நோயாளிதான்" என்று ஒப்புக்கொண்டு காசு கொடுத்திருக்கிறது. அதே நாட்களுக்கு அவர் வேலையை விட்டு ஓடிப்போனவராகவும் ஆகிவிட்டார். காசுக்கான ஏற்பாடும் வேலைக்கான ஏற்பாடும் தனித்தனி என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

முப்பது வருஷம் கழித்து, 1993இல், டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதியின் பல்லைக் கொஞ்சம் பிடுங்கியது. அந்தத் தொழிலாளியின் பெயரையும் எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்றே நீக்கியிருந்தார்கள். "நான் வந்தேன், கேட்டிலேயே தடுத்துட்டாங்க" என்றார் அவர். நிலையாணையில் என்ன எழுதியிருந்தாலும், அவர் பக்கத்தைக் கேட்காமல், விசாரணை இல்லாமல் ஒருவருடைய பிழைப்பைப் பறிப்பது இயற்கை நீதிக்கு எதிரானது என்றது நீதிமன்றம். பாதிப் பின்சம்பளத்தோடு வேலை திரும்பக் கிடைத்தது.

ஆக, எட்டு நாள் விதி இன்று தானாக ஓடும் இயந்திரம் இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்டாக வேண்டும். ஆனால் கேட்கும்போது காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்.

அரசு வேலை என்றால்

இங்கே கதையே வேறு. எஸ்.எஸ்.பி. காவலர் ஒருவருக்குப் பணியில் காலில் அடிபட்டு, இடது காலையே எடுக்க வேண்டியதாயிற்று. தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். குணால் சிங் வழக்கு என்று பெயர். 2003இல் உச்ச நீதிமன்றம் 1995 ஊனமுற்றோர் சட்டத்தைக் காட்டி, பணிக்காலத்தில் ஊனமானவரை அப்படி அனுப்ப முடியாது என்றது. பழைய வேலை பார்க்க முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லை என்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவிலும் இது தொடர்கிறது. ஆனால் அந்தப் பிரிவு "அரசு நிறுவனம்" என்றுதான் சொல்கிறது. அதே கால், அதே விபத்து, தனியார் கம்பெனி என்றால் அந்தக் கதவு இல்லை.

அப்போ என்ன செய்வது?

சட்டத்தைப் படித்தபின் எனக்குத் தெரிந்தது, பாதுகாப்பு பாதி சட்டத்தில் இருக்கிறது, மீதி தேதிகளில் இருக்கிறது.

முதல் நாள்: விபத்து நடந்த இடம், நேரம், என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்பது ஆஸ்பத்திரிச் சீட்டிலும் கம்பெனி விபத்துப் பதிவேட்டிலும் ஏறியதா என்று பார்க்க வேண்டும். அடிபட்டவரால் முடியாது, வீட்டில் ஒருவர் பார்க்கலாம்.

முதல் வாரத்துக்குள்: எட்டு நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். லீவ் கடிதம், கூடவே டாக்டர் சர்டிஃபிகேட்டின் நகல், ஸ்பீடு போஸ்ட்டில். "சூப்பர்வைசர்கிட்ட போன்ல சொல்லிட்டேன்" என்பது சாட்சி ஆகாது. வாட்ஸ்அப்பில் சொன்னால் அழிக்காமல் வைத்திருங்கள். சர்டிஃபிகேட்டை நீட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நகல் கம்பெனிக்குப் போக வேண்டும். பின்னி மில் வழக்கின் பாடம் இது. இ.எஸ்.ஐ.க்குக் கொடுத்தது கம்பெனிக்குக் கொடுத்ததாக ஆகாது.

நடுவில்: "செட்டில்மென்ட் வாங்கிக்கோங்க, ஒரு கையெழுத்து மட்டும்" என்று வந்தால் அந்தக் காகிதத்தில் "ராஜினாமா" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நீக்கப்பட்டவருக்கு வழக்கு உண்டு. தானாக ராஜினாமா செய்தவர், அது மிரட்டி வாங்கியது என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும்.

கடைசி நாள்: ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வாங்கிய அன்றோ மறுநாளோ வேலைக்குப் போய் நிற்க வேண்டும். உள்ளே விடவில்லை என்றால் அன்றைக்கே அதை எழுத்தில் அனுப்ப வேண்டும். யாதவ் வழக்கின் மொத்தச் சண்டையும் "வந்தாரா, வரலையா" என்பதில்தான். பிறகு தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு. அதற்கும் காலக்கெடு உண்டு, ஆறப் போடக் கூடாது.

இன்னொன்று, அடிபடாதவர்களுக்கு. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா? பிடித்தால் அது உண்மையிலேயே உங்கள் காப்பீட்டு எண்ணில் ஏறுகிறதா என்று இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பார்க்கலாம், ஐந்து நிமிஷ வேலை. முதலாளி கட்டத் தவறினாலும் கார்ப்பரேஷன் தொழிலாளிக்குப் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் கட்டு போட்ட கையோடு அந்த அலுவலகத்துக்கும் இந்த டிஸ்பென்சரிக்கும் அலைவதைவிட, இரண்டு கையும் நன்றாக இருக்கும்போது பார்த்துக்கொள்வது சுலபம்.